வலது கையும் ஒரு காலும்

2022 டிசெம்பரில் மாண்டஸ் புயல் வந்த கிழமை யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள் அந்தக் குளிரை மறந்திருக்க மாட்டார்கள். வடக்கிலும் கிழக்கிலும் வெளியில் நின்ற மாடுகள் நூற்றுக்கணக்கில் விறைத்துச் செத்தன. அந்தக் கிழமைதான் எனக்கு இரண்டாவது பிள்ளையாக மகன் பிறந்தான். 3 கிலோ 100 கிராம். பிறந்தவுடன் நன்றாக அழுதான். குளிரை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவனுடைய கைகால் நீலமாக இருந்ததற்கு எல்லோரும் குளிரைத்தான் காட்டினோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் விஞ்ஞான ஆசிரியை. 14 வருடமாக இதயப் பாடம் படிப்பிக்கிறேன். கரும்பலகையில் வலப்பக்கத்தை நீலச் சோக்காலும் இடப்பக்கத்தைச் சிவப்புச் சோக்காலும் வரைந்து, உடம்பிலிருந்து வருகிற குருதி நுரையீரலுக்குப் போகும், நுரையீரலில் ஒட்சிசன் எடுத்த குருதி பெருநாடி வழியாக உடம்புக்குப் போகும் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன்! அந்தப் படத்தில் இரண்டு குழாய் இடம் மாறிப் பிறந்த பிள்ளை என் மடியிலேயே ஒரு நாள் முழுக்கக் கிடந்தான். எனக்குத் தெரியவில்லை. இனி ஒரு தாய்க்காவது தெரியவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் இரவு அவன் பால் குடித்த விதம் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. நாலைந்து தரம் உறிஞ்சுவான், விட்டுவிட்டு மூச்சு எடுப்பான், பிறகு உறிஞ்சுவான், அப்படியே நித்திரையாகிப் போவான். மூத்தவள் பிறந்தபோது முலையை விடவே மாட்டாள். நான் அதை அம்மாவிடம் சொன்னேன். "ஆம்பிளைப் பிள்ளையள் அப்பிடித்தான் பிள்ளை, சோம்பல்" என்றார். காலையில் கைகால்களைப் பார்த்துவிட்டு, "இது கருங்கிரந்தி போலக் கிடக்கு, வீட்டை போனவுடனை எண்ணெய் குடுப்பம்" என்றார். அம்மாவைக் குறைசொல்ல மாட்டேன். நீலமாகிற பிள்ளைக்கு எங்கள் ஊரில் பரம்பரையாக இருக்கிற பெயர் அது. எங்கள் பாட்டிமார் கண்ணால் கண்டதற்குத்தான் பெயர் வைத்தார்கள். ஏன் நீலமாகிறது என்பதை அறிய அவர்களிடம் கருவி இருக்கவில்லை.

பிறந்து முதல் ஒன்றிரண்டு நாள் உள்ளங்கையும் பாதமும் கொஞ்சம் நீலம்பாய்ந்து இருப்பது சாதாரணம்தான். நான் படித்திருந்தது அது. நாக்கையும் ஈறையும் உதட்டின் உட்பக்கத்தையும் பார்க்கவேண்டும் என்பதை நான் படிக்கவில்லை.

அடுத்த நாள் காலை ஒருவர் வந்து, குருதியில் ஒட்சிசன் நூற்றுக்கு எவ்வளவு என்று காட்டுகிற ஒக்சிமீற்றரை அவனுடைய காலில் சுற்றினார். 83 என்று காட்டியது. காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கால் குளிர்ந்துபோய்க் கிடக்கு, மெஷின் சரியாய்ப் பிடிக்கேல்லை" என்று சொல்லி, காலுறையைப் போட்டு விட்டுப் போனார். எனக்கும் நிம்மதி. கால் உண்மையில் குளிர்ந்துதான் இருந்தது. குளிர்ந்த காலில் கருவி பிழையாகக் காட்டும் என்பதும் உண்மை. ஆனால் அந்த எண்ணை யாரும் எங்கும் குறித்து வைக்கவில்லை. காலைச் சூடாக்கி இன்னொருமுறை பார்ப்போம் என்று யாரும் வரவும் இல்லை. ஐந்து மணிநேரம் அப்படியே போய்விட்டது. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை, அது எங்கேயும் நடக்கக்கூடியது. பிழையாகக் காட்டுகிறது என்று சந்தேகம் வந்தால், சரியாகக் காட்டும்வரை திரும்பப் பார்க்கவேண்டும். அன்று நான் அதைக் கேட்டிருக்கவேண்டும். படித்த நானே கேட்கவில்லை.

மத்தியானம் டியூட்டி மாறியது. புதிதாக வந்த மிஸ், அதாவது தாதி, கொஞ்சம் வயதானவர். அவன் பால் குடிப்பதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு நிமிடம் பேசாமல் பார்த்தார். பிறகு கருவியைக் கொண்டுவந்தார். அவர் செய்ததை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். முதலில் அவனுடைய வலது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துச் சூடாக்கினார். பட்டியை உள்ளங்கையைச் சுற்றி ஒட்டினார். யன்னல் வெளிச்சம் விழாமல் மேலே ஒரு துணியைப் போட்டார். எண்ணை உடனே பார்க்கவில்லை. திரையில் நாடித் துடிப்பின் அலை ஒரே சீராக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார். அலை சீரானபிறகுதான் எண்ணைப் பார்த்தார். 81. பிறகு கால், அதே மாதிரி. 83. "அம்மா, பிள்ளையின்ர நாக்கைப் பாருங்கோ" என்று யன்னலுக்குக் கிட்டக் கொண்டுபோய் வாயைத் திறந்து காட்டினார். நாவற்பழம் சாப்பிட்ட பிள்ளையின் நாக்கு மாதிரி இருந்தது.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தலைக்கு மேல் பிளாஸ்டிக் கூடு ஒன்றை வைத்து அதற்குள் ஒட்சிசன் விட்டார்கள். பத்து நிமிடம் கழித்தும் 84தான். நுரையீரலில் கோளாறு என்றால் ஒட்சிசன் கொடுக்கும்போது எண் பொதுவாக நன்றாக ஏறும், ஏறாவிட்டால் இதயத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கிற எக்கோ எடுத்தார்கள். முடிவைச் சொல்ல வந்த டொக்டர் நான் ஆசிரியை என்று அறிந்ததும் ஒரு தாளில் இதயத்தை வரைந்தார். நான் பலகையில் வரைகிற அதே படம். பெருநாடி வலது இதயவறையிலிருந்தும் நுரையீரல் நாடி இடது இதயவறையிலிருந்தும் புறப்பட்டிருந்தன. "ரீச்சர், இரண்டு வட்டமும் தனித்தனியாய் ஓடுது" என்றார். எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. உடம்பிலிருந்து வருகிற குருதி நுரையீரலைக் காணாமலே திரும்ப உடம்புக்குப் போகிறது. நுரையீரலில் ஒட்சிசன் எடுத்த குருதி திரும்ப நுரையீரலுக்கே போகிறது.

அப்படியென்றால் வயிற்றுக்குள் எப்படி உயிரோடு இருந்தான்? எல்லோரும் கேட்பது இதைத்தான். வயிற்றுக்குள் பிள்ளை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. ஒட்சிசன் நச்சுக்கொடியிலிருந்து தொப்புள்கொடி வழியாக வருகிறது. அதனால் இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே ஒரு துவாரமும், பெருநாடிக்கும் நுரையீரல் நாடிக்கும் இடையில் ஒரு குறுக்குக் குழாயும் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்தே இருக்கும். குருதி கலந்துகொண்டே இருக்கும். குழாய்கள் மாறிப் பிறந்தாலும் வயிற்றுக்குள் பெரிய வித்தியாசம் தெரியாது. பிறந்து மூச்சு எடுத்த பிறகு அந்தக் குறுக்குக் குழாய் முதல் இரண்டு மூன்று நாளில் தானாக ஒடுங்கி மூடிக்கொள்ளும். மற்றப் பிள்ளைகளுக்கு அது நல்லது. என் மகனுக்கு அந்தக் கலப்புத்தான் உயிர். அதனால்தான் பிறந்த அன்று நன்றாக அழுத பிள்ளை அடுத்த நாள் சோர்ந்து போகிறது. முதல் நாள் நன்றாக இருந்தானே என்று யாரும் ஆறுதல் அடைய வேண்டாம்.

பிறந்த நிமிடத்தில் எந்தப் பிள்ளைக்கும் எண் 100 ஆக இருக்காது என்பதையும் சொல்லவேண்டும். முதல் நிமிடத்தில் 60 முதல் 65 வரை இருப்பதே வழமை. ஐந்தாவது நிமிடத்தில் 80 முதல் 85, பத்தாவது நிமிடத்தில் 85 முதல் 95 என்று மெல்ல ஏறும். அதனால்தான் ஒக்சிமீற்றரால் இதயத்துக்குச் செய்கிற இந்தச் சோதனையை 24 மணிநேரம் கழிந்தபிறகு செய்கிறார்கள். வலது கையிலும் ஒரு காலிலும் பார்ப்பதற்கும் காரணம் உண்டு. வலது கைக்குப் போகிற குருதி அந்தக் குறுக்குக் குழாய்க்கு முன்னாலேயே பெருநாடியிலிருந்து பிரிந்துவிடும். காலுக்குப் போவது குழாயைத் தாண்டிப் போகும். இரண்டு இடத்திலும் 95 அல்லது அதற்குமேல் இருந்து, இரண்டுக்கும் இடையில் 3க்கு மேல் வித்தியாசம் இல்லாவிட்டால் சோதனையில் தேறிவிட்டது. எங்காவது ஒன்றில் 90க்குக் கீழே என்றால் பொறுத்திருக்கக் கூடாது, உடனே டொக்டர் பார்க்கவேண்டும். இடைப்பட்ட எண் என்றால் ஒரு மணிநேரம் கழித்துத் திரும்பவும் பார்க்கவேண்டும். வலி இல்லை, ஊசி இல்லை, ஐந்து நிமிட வேலை.

கண்ணை ஏன் நம்பக்கூடாது? ஒட்சிசன் 80, 85க்குக் கீழே இறங்கினால்தான் நீலம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். எங்களைப் போன்ற மாநிறத் தோலில், ஆஸ்பத்திரி ரியூப்லைட் வெளிச்சத்தில், அதுவும் தெரியாமல் போகலாம். குருதியில் ஒட்சிசனைச் சுமப்பது ஈமோகுளோபின். பிறந்த பிள்ளையின் ஈமோகுளோபினில் பெரும்பகுதி வயிற்றுக்குள் இருந்தபோது வைத்திருந்த வகை. அது ஒட்சிசனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆகவே நீலம் தெரிகிற நேரத்தில் குருதியில் ஒட்சிசன் நிறையக் குறைந்திருக்கும். சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்கூடாக விட்டு, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கிற இந்தக் கருவியின் அடிப்படையை 1974இல் ஜப்பானில் தக்குவோ அவோயாகி என்ற பொறியியலாளர் கண்டுபிடித்தார். 2020 ஏப்ரலில் அவர் காலமானார். கொரோனாக் காலத்தில் உலகம் முழுக்க விரலில் மாட்டியது அவருடைய யோசனையைத்தான். என் மகன் இருப்பதற்கும் அது ஒரு காரணம்.

குறுக்குக் குழாய் மூடாமல் வைத்திருக்கும் மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள். புரொஸ்டகிளாண்டின் என்று பெயர். அன்றிரவே கொழும்புக்கு அனுப்ப முடிவானது, பொரளையில் உள்ள சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அம்புலன்சில் டொக்டரும் மிஸ்ஸும் பிள்ளையோடு போனார்கள். அவருக்கு, என் கணவருக்கு, முன்னால் இடம் கிடைத்தது. நான் தையலோடு அடுத்த நாள் வானில் போனேன்.

ஆனையிறவு தாண்டுகிற இடத்தில் நடந்ததை அவர் பிறகுதான் எனக்குச் சொன்னார். மழை கொட்டிக்கொண்டிருந்ததாம். பின்னால் மொனிட்டர் கத்தியிருக்கிறது. பிள்ளை மூச்சை நிறுத்திவிட்டான். அந்த மருந்துக்கு அப்படி ஒரு குணம் உண்டு, சில பிள்ளைகளுக்கு மூச்சு இடையில் நின்றுபோகும். மிஸ் அவனுடைய உள்ளங்காலை விரலால் இரண்டு தரம் சுண்டினார். மூச்சு வந்துவிட்டது. மாங்குளத்துக்குக் கிட்ட இன்னொருதரம். அதற்குப் பிறகு கொழும்பு வரைக்கும் அந்த மிஸ் தன் கையை அவனுடைய காலிலிருந்து எடுக்கவேயில்லை என்று சொல்லும்போது அவருக்குக் குரல் அடைத்துவிட்டது. இப்படிப்பட்ட பிள்ளையைச் சொந்தக் காரில் ஏற்றிக்கொண்டு போகலாமா என்று பிறகு ஒருவர் எங்களிடம் கேட்டார். தயவுசெய்து போகாதீர்கள். அனுப்புகிற ஆஸ்பத்திரியும் ஏற்கிற ஆஸ்பத்திரியும் பேசி, மருந்தோடும் மூச்சு கொடுக்கத் தெரிந்த ஆளோடும் போவதுதான் வழி. அது இரண்டு மணிநேரம் பிந்தினாலும் பரவாயில்லை.

கொழும்பில் முதலில் ஒரு சிறிய சிகிச்சை. நாளம் வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் விட்டு, நுனியில் இருக்கிற பலூனை ஊதி இழுத்து, மேலறைகளுக்கு நடுவே இருக்கிற துவாரத்தைப் பெரிதாக்குவார்கள். 1966இல் அமெரிக்காவில் ராஷ்கின்ட் என்ற டொக்டர் தொடங்கிய முறை அது. போகும்போது 74, வரும்போது 86. அதற்குப் பிறகு ஒன்பதாவது நாள் பெரிய சத்திரசிகிச்சை, இரண்டு நாடியையும் வெட்டி இடம் மாற்றி, இதயத்துக்கே குருதி கொடுக்கிற மெல்லிய முடியுரு நாடிகளையும் பிடுங்கிப் புது இடத்தில் தைப்பது. பிரேசிலில் ஜட்டேன் என்பவர் 1975இல் முதன்முதலில் வெற்றியாகச் செய்தது. முதல் சில கிழமைக்குள் செய்வது நல்லது. நுரையீரலுக்கு மட்டும் குருதி தள்ளிக்கொண்டிருந்தால் இடது இதயவறை வேலை குறைந்து மெலிந்துபோகும், பிறகு உடம்பு முழுக்கத் தள்ள அதற்குப் பலம் இருக்காது.

சத்திரசிகிச்சைக்குப் பிந்திய அந்த ஒரு இரவில்தான், 14 வருடம் படிப்பித்ததில் புரியாத ஒன்று எனக்குப் புரிந்தது. எண் 98 என்று காட்டியது. வாழ்க்கையில் முதல்தடவையாக அவனுக்கு 98. நான் அழுதேன். ஆனால் டொக்டரின் முகத்தில் சந்தோஷம் இல்லை. "எண் நல்லம்தான் அம்மா. சலம் காணாது, கால் குளிர்" என்றார் தெரிந்த தமிழில். சிறுநீர் போதவில்லை என்றுதான் சொன்னார். குருதியில் ஒட்சிசன் இருக்கிறது. அது திசுவுக்குப் போய்ச் சேரவில்லை. வெட்டித் தைத்த இதயம் களைத்துப்போய் மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தது. சத்திரசிகிச்சை முடிந்து ஆறு முதல் பன்னிரண்டு மணிநேரத்துக்குள் இதயம் இப்படித் தளர்வது வழமை என்று பிறகு விளக்கினார்கள்.

வகுப்பில் இப்போது நான் இப்படிச் சொல்கிறேன். பருத்தித்துறை பஸ்ஸை நினையுங்கள். ஒக்சிமீற்றர் சொல்வது, பஸ்ஸில் எத்தனை சீட்டில் ஆள் இருக்கிறது என்பதை மட்டும். எத்தனை பஸ் இருக்கிறது என்பதை ஈமோகுளோபின் சொல்லும். பஸ் ஓடுகிறதா, எவ்வளவு விரைவாகப் போய் வருகிறது என்பது இதயத்தின் வேலை. சீட் எல்லாம் நிரம்பிய பஸ் யாழ்ப்பாணம் ஸ்டாண்டிலேயே நின்றால் பருத்தித்துறையில் யாரும் இறங்கமாட்டார்கள்.

பஸ் ஓடுகிறதா என்று அந்த மிஸ்மார் எப்படிப் பார்த்தார்கள் என்றால், முதலில் கையால். மணிக்கு ஒருதடவை ஒருவர் வந்து தொடையிலிருந்து பாதம்வரை புறங்கையால் தடவிக்கொண்டே போவார். சூடு எந்த இடத்தில் முடிகிறது என்று பார்ப்பார். இரவு பத்து மணிக்கு முழங்காலோடு சூடு முடிந்தது, கீழே எல்லாம் குளிர். நெஞ்செலும்பின் மேல் விரலை ஐந்து செக்கன் அழுத்தி எடுப்பார். வெளிறிய இடம் மூன்று செக்கனுக்குள் நிறம் திரும்பவேண்டும், அவனுக்கு ஐந்து ஆனது. சலப் பையில் எத்தனை மில்லிலீற்றர் என்று எழுதுவார். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஒரு மில்லியாவது போகவேண்டும். குருதியில் லாக்டேட் பார்ப்பார்கள். ஒட்சிசன் காணாத திசு வேறு வழியில் சக்தி எடுக்கும்போது சேர்கிற அமிலம் அது, வேகமாக ஓடியபின் எங்கள் தசையில் உண்டாவதும் அதுதான். இதயத்துக்கு வலு கொடுக்கிற மருந்தைக் கூட்டினார்கள். இரண்டு மணிக்கு அதே மிஸ் கையை வைத்துக்கொண்டு கணுக்காலைக் காட்டினார். விடியப்புறம் ஐந்து மணிக்கு என்னைக் கூப்பிட்டு என் கையைப் பிடித்து அவனுடைய பெருவிரலில் வைத்தார். சூடு. சிங்களத்தில் என்னவோ சொன்னார். எனக்கு அது விளங்கவில்லை, விளங்கத் தேவையும் இருக்கவில்லை.

திசுவின் ஒட்சிசனை நேராகப் பார்க்கவும் இப்போது கருவி இருக்கிறது. நெற்றியில் ஒரு பட்டியை ஒட்டி, அகச்சிவப்புக்கு அண்மித்த ஒளியை மண்டையோட்டுக்கூடாக விட்டு, மூளைத் திசுவில் உள்ள குருதியில் எவ்வளவு ஒட்சிசன் மிச்சம் என்று கணிப்பார்கள். 1977இல் யோப்சிஸ் என்ற ஆராய்ச்சியாளர் காட்டிய வழி. இதயச் சத்திரசிகிச்சைப் பிரிவுகள் பலவற்றில் பாவிக்கிறார்கள். ஆனால் கருவி வந்தவுடன் எல்லாம் சரியாகிவிடாது. மிகவும் குறைமாதத்தில் பிறந்த 1601 பிள்ளைகளை வைத்து அந்தக் கருவியைச் சோதித்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. கருவியைப் பார்த்துச் சிகிச்சை செய்த குழுவுக்கும் வழக்கமான பராமரிப்புப் பெற்ற குழுவுக்கும் இறப்பிலோ கடுமையான மூளைப் பாதிப்பிலோ வித்தியாசம் காணவில்லை. இதை வாசித்தபோது எனக்கு அந்த மிஸ்ஸின் புறங்கைதான் நினைவுக்கு வந்தது.

எங்களுக்குப் பக்கத்துக் கட்டிலில் மன்னாரிலிருந்து வந்த ஒரு தாய் இருந்தார். அவருடைய பிள்ளைக்குக் கையில் எண் பிழையில்லாமல் இருந்ததாம். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எட்டாம் நாள் பால் குடிக்காமல், காலெல்லாம் வெளிறிப் புள்ளி புள்ளியாகி, சலம் போகாமல் கொண்டுவந்திருக்கிறார்கள். பெருநாடியில் ஒரு இடம் ஒடுங்கிப்போயிருந்தது. குறுக்குக் குழாய் திறந்திருந்தவரை சமாளித்தது, அது மூடியவுடன் உடம்பின் கீழ்ப்பாதிக்குக் குருதி போகவில்லை. இந்தக் குறையை ஒக்சிமீற்றர் பலநேரம் தவறவிடும். தொடையும் வயிறும் சேர்கிற மடிப்பில் நாடி துடிக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தால் பிடிபடும். பிள்ளையை வீட்டுக்கு விடுமுன் டொக்டர் அந்த இடத்தில் இரண்டு பக்கமும் விரல் வைத்துப் பார்த்தாரா என்று கவனியுங்கள். பார்க்காவிட்டால் மரியாதையாகக் கேளுங்கள். யாரும் கோபிக்கமாட்டார்கள். கோபித்தால்தான் என்ன?

வீட்டுக்கு வந்த பிள்ளையில் எதைக் கவனிப்பது? நித்திரையில் இருக்கும்போது ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணுங்கள். பிறந்த பிள்ளையின் மூச்சு விட்டுவிட்டு வரும், அதனால் கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கினால் பிழைக்கும். 60க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் காட்டவேண்டும். பால் குடிக்கும்போது நெற்றியில் வியர்க்கிறதா, இடையில் விட்டுவிட்டு இளைக்கிறதா, ஒவ்வொருதரமும் அரைமணிக்கு மேல் எடுத்தும் வயிறு நிரம்பாமல் நித்திரையாகிறதா என்று பாருங்கள். பிறந்த பிள்ளைக்குப் பால் குடிப்பதுதான் நாங்கள் படி ஏறுவது போல. இதயத்துக்குப் பலம் இல்லாவிட்டால் முதலில் தெரிவது அங்கேதான். நனைகிற நப்கின் குறைகிறதா என்றும் பாருங்கள். நாக்கைப் பகல் வெளிச்சத்தில், வாசலில் வைத்துப் பாருங்கள். வீட்டுக்கு வருகிற மருத்துவ மாதுவிடம் இவற்றை அப்படியே சொல்லுங்கள். "பிள்ளை சோம்பல்" என்று நீங்களே முடிவு சொல்லிவிடாதீர்கள். பிள்ளை நாக்கு நீலமாகி மூச்சுத் திணறினால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். எண்ணெய், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வாயில் விடவேண்டாம், புரையேறும்.

கொரோனாவுக்கு வாங்கிய விரல் கருவி பல வீட்டு அலமாரியில் கிடக்கிறது. அதைப் பிறந்த பிள்ளையின் விரலிலோ காலிலோ மாட்டாதீர்கள். அது பெரியவர்களின் விரல் தடிப்புக்குச் செய்தது. சின்னக் காலில் 97 என்று பொய்யாகக் காட்டினால் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடுவீர்கள்.

ஒட்சிசன் கூடக் கொடுக்கச் சொல்லி டொக்டரோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். நான் மல்லுக்கட்டினேன். என் மகனைப் போன்ற பிள்ளைக்கு ஒட்சிசனைக் கூட்டிப் பெரிய பயன் இல்லை. குறைமாதப் பிள்ளைக்கு அளவுக்கு மீறினால் கண்ணின் விழித்திரை பழுதாகும், அதனால் 91 முதல் 95 வரை பிடித்து வைப்பார்கள். 100 வரவில்லையே என்று அங்கிருந்த ஒரு தாய் அழுதபோது மிஸ் அதைத்தான் சொன்னார்.

ஸ்கானைப் பற்றியும் ஒன்று. இருபதாம் கிழமையில் எனக்கு எடுத்தார்கள். "நாலு அறையும் வடிவா இருக்கு" என்றார்கள். அது உண்மைதான், குழாய் மாறிய இதயத்திலும் நாலு அறையும் வடிவாகத்தான் தெரியும். அறைகளிலிருந்து புறப்படுகிற இரண்டு பெரிய நாடியும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போகிறதா என்று தனியாகப் பார்க்கவேண்டும். ஸ்கானுக்குப் போகிற தங்கைமார் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வாருங்கள். முன்கூட்டியே தெரிந்திருந்தால் நான் கொழும்பிலேயே பெற்றிருப்பேன். ஆனையிறவில் என் பிள்ளையின் மூச்சு நின்றிருக்காது.

கொழும்புக்குப் போகவேண்டி வந்தால், பிள்ளையின் டிக்கெட்டின் (ஆஸ்பத்திரிக் குறிப்புத் தாளின்) பிரதி, எக்கோ தாள், தாயின் குருதிவகை, மாற்று உடுப்பு, பால் எடுத்து வைக்கச் சுத்தமான பாத்திரம், இவ்வளவும் ஒரு பையில் இருக்கட்டும். பிள்ளை குடிக்காத நாளிலும் மூன்று மணிக்கு ஒருதடவை பாலைக் கையால் எடுத்துக்கொண்டே இருங்கள், விட்டால் வற்றிப்போகும். எனக்கு 12 நாள் அப்படிப் போனது. பதின்மூன்றாம் நாள் என் பாலைத்தான் குடித்தான். கிரி என்றால் பால், லே என்றால் இரத்தம், ஹுஸ்ம என்றால் மூச்சு. இந்த மூன்று சிங்களச் சொல்லும் தெரிந்திருந்தது எனக்குப் பெரிய உதவி. மற்றதை எல்லாம் அவர்கள் கையால் காட்டினார்கள்.

சின்னவனுக்கு இப்போது கிளினிக் வருடத்துக்கு ஒருதடவைதான். நெஞ்சில் நேர்கோடாய் ஒரு தழும்பு இருக்கிறது. நித்திரையில் கிடக்கும்போது போர்வையை விலக்கிப் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் மட்டும் எனக்குப் போகவில்லை.

போன மாதம் தங்கைக்குப் பெண்பிள்ளை பிறந்தது. அடுத்த நாள் வீட்டுக்கு விடப்போகிறோம் என்றார்கள். தங்கை நான் சொல்லிக் கொடுத்தபடி, "மிஸ், கையிலயும் காலிலயும் பார்த்தனீங்களே?" என்று கேட்டிருக்கிறாள். "இன்னும் இல்லை அம்மா, இந்தா வாறன்" என்று கருவியைக் கொண்டுவந்து, காலைச் சூடாக்கி, அலை சீராகும்வரை நின்று பார்த்துவிட்டு டிக்கெட்டில் எழுதினார்களாம். தங்கை அதைப் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். வலது கை 98, இடது கால் 97.